பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் புதிய திட்டம் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கட்டடங்களை அளப்பது, படம் எடுப்பது, விரிசல்களைக் குறித்து வைப்பது என் பிழைப்பு. ரோடு, மெட்ரோ, மேம்பாலம், அடுக்குமாடி என்று எது வந்தாலும் பக்கத்துத் தெருவில் யாராவது போன் செய்து கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிய பகுதி இந்தியாவுக்கானது, உதாரணங்களில் பல தமிழ்நாட்டிலிருந்து.

மரபுத் தாக்க மதிப்பீடு என்கிறார்களே, அது என்ன?

ஒரு திட்டம் வருவதற்கு முன்பே, அதனால் அங்கிருக்கும் பழைய கட்டடம், கோயில், குளம், கல்வெட்டு, தெரு ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்று பார்த்து எழுதுவது. என்ன இருக்கிறது, அது ஏன் முக்கியம், திட்டம் அதை எந்த வழியில் தொடும், தொடாமல் இருக்க வேறு வழி உண்டா என்ற நான்கு விஷயங்களும் அதில் இருக்க வேண்டும். நாலாவதுதான் உயிர். நடைமுறையில் பல அறிக்கைகள் அதைத் தொடுவதே இல்லை. வரைபடம் முடிவாகி, டெண்டரும் போன பிறகு மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டால் வேறு வழியை எங்கே தேடுவது? கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான்.

எந்தக் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு?

முதல் வரிசையில் இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்கள். நாடு முழுக்கச் சுமார் 3,700. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் தஞ்சைப் பெரிய கோயிலும் இதில் வரும். 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் அதற்கு வந்த திருத்தமும் இவற்றுக்கானவை. அடுத்து, மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்கள். அவற்றுக்குத் தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம். சென்னையில் இவை போக, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. விளம்பரப் பலகை வழக்கு ஒன்றின் வழியாக வந்த பட்டியல் அது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை உரிமையாளரான எல்ஐசி 2006-இல் இடிக்கத் தொடங்கி, வழக்கு வந்து, 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று சொன்னபோது இந்தப் பட்டியல்தான் கை கொடுத்தது.

இந்த மூன்றிலும் வராதவைதான் பெரும்பாலானவை. உங்கள் ஊர் அக்ரகாரம், சத்திரம், படித்துறை, வயல் நடுவே நிற்கும் நடுகல் எல்லாம் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவற்றுக்கு மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. யாரும் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

100 மீட்டர், 200 மீட்டர் என்கிறார்களே, எங்கிருந்து அளப்பது?

மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டுமானம் கிடையாது. அதற்கு வெளியே அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி வாங்கிக் கட்டலாம். ஆக மொத்தம் 300 மீட்டர்.

அளப்பது கோபுரத்தின் நடுவிலிருந்தோ கருவறையிலிருந்தோ இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து. அந்த எல்லை சில இடங்களில் மதில், சில இடங்களில் வெறும் சர்வே எண். நிலம் வாங்கப் போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 'கோயில் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு சார்' என்று தரகர் சொல்வார். எல்லைக் கல் மனைக்கு எதிரிலேயே நிற்கும். மாமல்லபுரம் மாதிரி சின்னங்கள் சிதறிக் கிடக்கும் ஊரில் ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் விழுந்து, ஊரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும்.

என் வீடு 100 மீட்டருக்குள் இருக்கிறது. மாடி ஒழுகுகிறது. சரி செய்யலாமா?

செய்யலாம், அனுமதி வாங்கி. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால், அல்லது அதற்குப் பிறகு முறையான ஒப்புதலோடு கட்டியது என்றால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும், இதற்கென மத்திய அரசு அறிவித்திருக்கும் 'தகுதிபெற்ற அதிகாரி'யிடம் விண்ணப்பிக்கலாம். வீட்டு வரி ரசீது, பழைய மின் கட்டண அட்டை, பத்திரம் என எது கிடைத்தாலும் பத்திரமாக வையுங்கள். வீட்டின் வயதைக் காட்ட அவைதான் உதவும். ஆனால் பழுது என்ற பெயரில் ஒரு மாடி ஏற்றினாலோ ஒரு அறையை வெளியே நீட்டினாலோ அது புதிய கட்டுமானம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே கண்ணை மூடிக்கொள்ளும் மத்திய அரசு அதிகாரிக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அதே சட்டம் சொல்கிறது. இதை யாரும் போர்டில் எழுதி வைப்பதில்லை.

ஒழுங்குபடுத்தப்பட்ட 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுவது என்றால், அதிகாரி 15 நாளில் விண்ணப்பத்தைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் தாக்கம் என்ன என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு 1 மாதத்தில் முடிவு. இது சட்டத்தில் உள்ள கால அளவு.

அப்படியானால் வட்டத்துக்கு வெளியே கட்டினால் தாக்கமே இல்லையா?

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். வட்டம் என்பது நிர்வாகத்துக்கு வசதி. கட்டடத்துக்கு மீட்டர் கணக்குத் தெரியாது.

இரண்டு பக்கமும் யோசியுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டுக்கும், ஜோசப் ஹின்மருக்கும் உரியது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட முடியவில்லை. வழக்கு நடந்து, கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றும்படி 2023-இல் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். கல்லறையின் கட்டுமானம் எவ்வளவு தாங்கும், வண்டிகளின் அசைவு அதை என்ன செய்யும் என்பதா அங்கே முதல் கேள்வியாக இருந்தது? டேப்பில் எத்தனை மீட்டர் என்பதுதான்.

மறு பக்கம் இன்னும் மோசம். வட்டத்துக்கு ஒரு அடி வெளியே நீங்கள் மூன்று தளம் கீழே தோண்டி இரவு பகலாக மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தால், தாக்கம் தண்ணீரோடு வட்டத்துக்குள் போகும்.

தாக்கம் என்றால் இடிப்பது தவிர வேறென்ன?

இடிப்பது கண்ணுக்குத் தெரியும், அதனால் அதற்குச் சண்டை போட ஆள் இருப்பார்கள். மற்றவை மெதுவாக வரும்.

தண்ணீரில் தொடங்குகிறேன். களிமண்ணில் நிற்கும் பழைய சுவருக்கு நிலத்தடி ஈரம் ஒரு மாதிரி பழகிப்போயிருக்கும். பக்கத்தில் ஆழமாகத் தோண்டி நீரை வெளியேற்றினால் மண் சுருங்கும், சுவரின் ஒரு மூலை மட்டும் இறங்கும். கொல்கத்தாவில் 2019 ஆகஸ்ட் 31 அன்று மெட்ரோ சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர் தேங்கிய அடுக்கு ஒன்றில் இடித்து, பவ்பஜாரில் நிலம் இறங்கி வீடுகள் இடிந்தன. அந்த அளவுக்குப் போகாமல், ஒரு விரல் அகல விரிசலோடு நின்றுவிடும் சம்பவங்கள் எந்தச் செய்தியிலும் வராது.

அடுத்தது ரோடு. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் தமிழ்நாட்டின் பழைய தெருக்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை என்பது என் கட்சி. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறும். நான் அளந்த ஒரு தெருவில் மூன்று படி ஏறித் திண்ணையில் உட்கார்ந்த காலம் போய், இப்போது ரோட்டிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் நடை வழியாக முற்றத்துக்கு வரும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சி முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து நிற்கும். வீட்டுக்காரர் அதை மறைக்க சிமென்ட் பூசுவார். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, ஈரம் இன்னும் மேலே ஏறித் தேக்குத் தூணின் அடியைத் தின்னும். கடைசியில் 'பழைய வீடு சார், காலம் முடிஞ்சிடுச்சு' என்று இடிப்பார்கள். இடித்தது யார்? ரோடு போட்டவர் கணக்கில் இது எங்கேயும் இல்லை.

பார்வை ஒரு தாக்கம். கோபுரம் தெரிந்த தெரு முனையில் மேம்பாலம் வந்தால் கோபுரத்தில் ஒரு கல்லும் அசையாது, ஆனால் தேர் திரும்பும்போது கூட்டம் எதைப் பார்த்துக் கும்பிடும்? புழக்கமும் அப்படித்தான். சந்தை இடம் மாறினால் சத்திரம் வெறும் கட்டடமாகி, பூட்டிக் கிடந்து, ஆலங்கன்று முளைத்து விழும்.

எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் துளையிடுகிறார்கள். அதிர்வு ஆபத்தா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கால் தரையில் உணர்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மனிதனுக்கு அதிர்வு சீக்கிரம் தெரியும், கட்டடத்துக்கு அதைவிடப் பல மடங்கு தாங்கும் சக்தி உண்டு. அளக்க அதிர்வுமானி இருக்கிறது. மண் துகள் நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்பதே அளவு. ஜெர்மனியின் டின் 4150 தரநிலையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். மெதுவான, அதாவது அதிர்வெண் குறைந்த அதிர்வாக இருந்தால், அஸ்திவாரத்தில் தொழிற்கூடங்களுக்கு 20, சாதாரண வீடுகளுக்கு 5, மரபுக் கட்டடம் போல நுட்பமானவற்றுக்கு 3 மில்லிமீட்டர் என்பது அதில் உள்ள வரம்பு. ஒப்பந்தக்காரர் உங்களிடம் 'எல்லாம் லிமிட்டுக்குள்ளதான்' என்றால், எந்த வரிசை லிமிட் என்று கேளுங்கள். 5-க்கும் 3-க்கும் நடுவில்தான் உங்கள் மெட்ராஸ் டெரஸ் கூரையின், அதாவது மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரையின் காரை உதிரும்.

கருவி இல்லாமலும் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இரு பக்கமும் ஒட்டி விடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அதற்கு வாயில்லை, ஆனால் பொய் சொல்லாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, அன்றைய செய்தித்தாளும் தெரிய, படம் எடுங்கள்.

ஒரே எச்சரிக்கை. பழைய சுவர் கோடையில் ஒரு மாதிரியும் மழையில் ஒரு மாதிரியும் தானாகவே மூச்சு விடும். வேலை தொடங்குவதற்கு முன் ஒரு மழைக்காலமாவது பதிவு இருந்தால்தான் எது மண்ணின் அசைவு, எது மிஷினின் அசைவு என்று பிரித்துச் சொல்ல முடியும். வேலை தொடங்கிய மறுநாள் என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு நான் பாதிதான் உதவ முடியும்.

மதிப்பீட்டை யார் செய்கிறார்கள்? நம்பலாமா?

திட்டத்தைக் கொண்டுவருகிறவர் காசு கொடுத்து அமர்த்தும் ஆலோசகர். நானும் அப்படிச் சில வேலைகள் செய்திருக்கிறேன், அதனால் கூச்சத்தோடு சொல்கிறேன்: எல்லாரும் பொய்யர்கள் இல்லை, ஆனால் இரண்டு நாள் கள வேலைக்குத்தான் பணம் வரும்.

ஒரு சாலை விரிவாக்க அறிக்கை என் கைக்கு வந்தது. 'சாலையின் இருபுறமும் மரபுச் சின்னம் எதுவும் இல்லை' என்று ஒரு வரி. அதற்கு எதிர்ப்பக்கத்தில் பொறியாளர் ஒருவர் அளவுகோலோடு நிற்கும் படம். அவர் சாய்ந்து நின்றது ஒரு சுமைதாங்கி மேல். இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல் படுக்கவைத்த, தலைச்சுமையை இறக்கி வைக்கும் கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். அந்த இடத்துக்குப் போய் விசாரித்தபோது ஒரு பாட்டி, 'அது எங்க பெரியாத்தா கல்லு தம்பி, ஆடிக்கு வெளக்கு வைப்போம்' என்றார். படத்தில் இருந்த கல் எழுத்தில் இல்லை. பட்டியலைப் பார்த்து எழுதினால் இதுதான் நடக்கும், ஊரில் நாலு பேரிடம் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

அறிக்கை கிடைத்தால் முதலில் கள நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அப்புறம் மாற்று வழி என்ற தலைப்பில் எத்தனை பக்கம் என்று பாருங்கள். 'தாக்கம் மிகக் குறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எண் ஏதும் இல்லையென்றால் அது கருத்து, கணக்கு இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதியிலேயே இதெல்லாம் வந்துவிடாதா?

ஓரளவு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் படிவத்தில், 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு வரிக் கேள்வி, ஒரு வரிப் பதில். சட்டப்படி என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் சுமைதாங்கி அதில் வராது.

இலங்கை இந்த விஷயத்தில் ஒரு படி முன்னே. அங்கே 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி 0.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் வரும் திட்டங்களுக்குத் தனியாகவே தொல்லியல் தாக்க மதிப்பீடு உண்டு.

அரிட்டாபட்டியில் என்ன நடந்தது?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் உள்ள ஊர். சமணர் படுக்கை, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, அதில் சிவனின் வடிவமான இலகுலீசர் சிற்பம், போதாததற்கு ஏரிகளும் சுனைகளும். 2022-இல் இங்கே சுமார் 193 ஹெக்டேர் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போன செய்தி வந்தது. ஊர்கள் கொதித்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றதைத் தோண்ட முடியுமா என்று பார்க்கும் யோசனையும் வந்தது. 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது.

என்னைப் போன்றவர்களுக்கு அந்த விலக்கிவிடும் யோசனைதான் பாடம். மலையில் வரும் சுனைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குடைவரைக்குப் பின்னால் உள்ள பாறை எவ்வளவு தூரம் ஒரே பாறை, வெடி வைத்தால் அதிர்வு எதன் வழியாகப் போகும் என்று கேட்டிருந்தால் 193 ஹெக்டேரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஏலத்துக்கு முன்பே ஒரு ஆள் இரண்டு வாரம் அந்த மலையில் நடந்திருந்தால் போதும். ஊர்ச் சனம் வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் தெருவில் நிற்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

மதிப்பீடு திட்டத்தை நிறுத்திவிடுமா?

பெரும்பாலும் நிறுத்தாது. மாற்றும், நகர்த்தும், தாமதப்படுத்தும். அமெரிக்காவில் 1966 முதல் இருக்கும் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவும் அப்படித்தான். மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டம் என்றால் மரபுச் சொத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்தே ஆக வேண்டும், சம்பந்தப்பட்டவர்களிடம் பேசியே ஆக வேண்டும். யோசித்த பிறகும் இடிக்கலாம்.

லாகூரில் மெட்ரோ ரயில் பாதை ஷாலிமார் தோட்டம், சௌபுர்ஜி ஆகிய முகலாயர் காலச் சின்னங்களின் பக்கமாகப் போனது. 2016-இல் உயர் நீதிமன்றம் 11 சின்னங்களைச் சுற்றி 200 அடிக்குள் வேலைக்குத் தடை போட்டது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. ரயில் இன்று ஓடுகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2005-இல் வாக்கெடுப்பு வைத்து மக்களே பாலம் வேண்டும் என்றார்கள். யுனெஸ்கோ எச்சரித்த பிறகும் பாலம் வேலை நிற்கவில்லை, 2009-இல் உலக மரபுப் பட்டியலிலிருந்து அந்த நகரின் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு போனது. தெரிந்தே எடுத்த முடிவு. எனக்குப் பிடிக்காத முடிவு, ஆனால் விலை என்ன என்று தெரிந்து கொடுத்தார்கள்.

ஹம்பிதான் சங்கடம். துங்கபத்திரைக்குக் குறுக்கே தொங்கு பாலங்கள் கட்டத் தொடங்கியதால் 1999-இல் யுனெஸ்கோ அதை ஆபத்துப் பட்டியலில் வைத்தது. 2006-இல் எடுத்தது. அந்தப் பாலங்களில் ஒன்றான ஆனைகுந்திப் பாலம் வருடக்கணக்கில் இழுத்து, 2009 ஜனவரியில் கட்டும்போதே இடிந்து விழுந்தது. தொழிலாளிகள் இறந்தார்கள். அந்தக் கரை மக்களுக்குப் பாலம் வேண்டும் என்பது நியாயமான தேவை. எங்கே, எந்த மாதிரிப் பாலம் என்று முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

நான் சாதாரண ஆள். என்ன செய்ய முடியும்?

திட்ட வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் குறைந்தது 30 நாள் முன்பு அறிவிப்பு வர வேண்டும், தமிழில் சுருக்கமும் கிடைக்க வேண்டும். அங்கே போய் 'எங்கள் பாரம்பரியம்' என்று உணர்ச்சியாகப் பேசினால் கைதட்டு கிடைக்கும், குறிப்பில் ஏறாது. எழுதிக் கொடுங்கள்: இந்த சர்வே எண்ணில் இந்த மண்டபம், இத்தனை மீட்டர் தூரம், இன்ன தேதியில் எடுத்த படம். கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தோண்டும்போது ஏதாவது கிடைத்தால்?

மண்வெட்டியை நிறுத்துங்கள். எடுத்துக் கழுவாதீர்கள், பானையில் ஒட்டிய மண்கூடத் தகவல்தான். அந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அன்றைக்கு அது பெரிய தொகை, இன்றைக்கு ஒரு டீக்குக்கூடப் போதாது. ஆகவே எது கிடைத்தாலும் சொல்லிவிடுங்கள்.